பதினோரு மணி நேரம்

"பதினோரு மணி நேரமா! நடுவழியில இறங்கி அவ்வளவு நேரம் என்னப்பா பண்ணப் போறீங்க? தவமா?"

மகள் டிக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"சும்மா உக்காரப் போறதில்லம்மா. அந்தப் பெரிய நகரத்தைக் கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு அடுத்த விமானம் ஏறலாம்னு..."

"அம்மாவுக்கு முட்டி வலி. போறது நாலு நாள் கடற்கரைக்கு. நடுவுல இன்னொரு ஊர் கேக்குதா?"

அப்பா பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியே ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கம் விடவில்லை. சிக்கனமாக வெளிநாடு போய்வரும் திட்டத்தைப் பத்து மாதமாக ஒரு நீல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'காலி பாட்டில் கொண்டுபோகவும். சோதனை முடிந்தபின் உள்ளே நிரப்பலாம்' என்பது வரை அதில் இருந்தது.

"உங்கப்பாவை எனக்குத் தெரியாதா?" அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டிக்கெட் குறைச்சலா கிடைச்சா நிலா வழியாக்கூட என்னைக் கூட்டிட்டுப் போவார்!"

மகள் சிரித்துக்கொண்டே விசா படிவத்தை நிரப்பினாள். அந்த நடு ஊருக்கும் தனியாக ஒரு விசா வேண்டியிருந்தது. தண்டச் செலவு. அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'தனியார் நிறுவனம்' என்று எழுதினாள்.

"காலர் தையல்னு போடும்மா," என்றார் அப்பா.

"அதெல்லாம் எதுக்குப்பா? இதுதான் கௌரவமா இருக்கு."

"அவ சொல்றதுதான் சரி," என்றாள் அம்மா. "இருபத்திரண்டு வருஷமா காலர் தைக்கிறேன். ஒரு முழுச் சட்டையைக் கண்ணால பாத்தது கிடையாது. காலர் எங்க கட்டடம், மத்ததெல்லாம் வேற கட்டடம். அங்கேயே பெட்டியில அடுக்கிக் கப்பல்ல ஏத்திடறாங்க. காலருக்கு அப்புறம் சட்டைன்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குச் சந்தேகம்! இதைப் போய் ஒரு தொழில்னு எழுதுவாங்களா?"

சொல்லிவிட்டு, வழக்கம்போல அப்பாவின் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா மேஜையில் இருந்த நீல நோட்டை மூடிவைத்தார்.

மகள் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்பா! நேரா போற விமானத்துக்கு இதைவிடக் குறைச்சல்! ஏஜெண்ட் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கார்!"

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "நிமிஷக் கணக்குப் பாக்கிற மனுஷனையே ஏமாத்திட்டாங்களா! ஐயோ, இதை நான் வேலைக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லணுமே!"

அப்பாவின் காது மடல் சிவந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக.

சமாளிக்கிறார் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மாத்தினா அபராதம் கிடையாதாம். மாத்திடறேன்பா. அம்மா முட்டியாவது தப்பிக்கும்."

"அது வந்து..." அப்பா எழுந்தார். எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கம் இல்லாதவர். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சரி, உங்க இஷ்டம்," என்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நோட்டு மேஜையிலேயே கிடந்தது.

மகள் ஏஜெண்டைக் கூப்பிட்டாள்.

"தாராளமா மாத்தலாம் மேடம். பதிவு எண் சொல்லுங்க."

நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் மேலே பதிவு எண். அதற்குக் கீழே அப்பாவின் குண்டு எழுத்து.

'8.10: விமானம் தரை தொடும்.

9.25: ரயில். முதல் பெட்டியில் ஏறவும். இறங்கும் இடத்தில் நகரும் படிக்கட்டு பக்கம். அவள் முட்டிக்கு நல்லது.

10.05: கடை. மூன்றாவது மாடி. ஆண்கள் சட்டை.'

பக்கத்தில் ஒரு துணி லேபிள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அம்மாவின் சாப்பாட்டுப் பையில் நூலோடு ஒட்டிக்கொண்டு அடிக்கடி வீட்டுக்கு வருகிற அதே லேபிள். காலருக்கு உள்பக்கம் அம்மா வைத்துத் தைப்பது. எத்தனையோ தடவை மகள் அதைப் பொறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள். அதில் ஒரு கடையின் பெயர் இருப்பதையும், அதன் கீழே அந்தப் பெரிய நகரத்தின் பெயர் இருப்பதையும் இன்றுதான் படித்தாள்.

அடுத்த வரி:

'அவள் காலர் முழுச் சட்டையாகத் தொங்குவதை அவள் பார்க்க வேண்டும். முன்னாலேயே சொன்னால் செலவு என்று வரமாட்டாள். சொல்லக்கூடாது.'

அதற்கும் கீழே:

'கடையில் நிற்கும் நேரம்: அவள் போதும் என்று சொல்லும் வரை.'

அந்த நோட்டு முழுவதிலும் நிமிஷம் குறிக்காத இடம் அது ஒன்றுதான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நேரா போற டிக்கெட்டா மாத்திடட்டுமா?"

மகள் நோட்டை மூடினாள்.

"வேண்டாம் சார். டிக்கெட் அப்படியே இருக்கட்டும்."

பிறகு விசா படிவத்தை இழுத்து, 'தனியார் நிறுவனம்' என்பதை அடித்துவிட்டு, கட்டத்துக்குள் அடங்காத பெரிய எழுத்தில் எழுதினாள்: 'காலர் தையல்.'