ஏ.சி. மெக்கானிக் பயிற்சி

"வருசக் கணக்குல வேலையில்லாம கெடக்கறவனுக்கு மூணு மாசம் ஏ.சி. மெக்கானிக் பயிற்சி குடுத்தா ஆச்சா? செஞ்சியில எத்தினி வூட்ல ஏ.சி. இருக்குது? கவர்மென்ட் பணந்தான் தண்டம்!" சட்டையை மாட்டியபடி அலுத்துக்கொண்டான் ராஜாங்கம்.

"வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேலு. பஸ் போயிடும், கெளம்புங்க," என்று துரத்தினாள் மனைவி கலைவாணி.

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் நின்றபடியே வந்து, பயிற்சி மையத்துக்குள் நுழைந்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"குந்துங்க," என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்தான்.

தலை நரைத்த காமராஜ் மட்டும் உட்காரவில்லை. "சார், இங்க படிச்சவங்க யாருக்காவது வேலை கெடைச்சிருக்குதா?"

ராஜாங்கத்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போன பேட்சுல ஒருத்தனுக்குக் கெடைச்சுது."

"இன்னா வேலை, சார்?"

"இந்த பேட்சுக்குப் பாடம் எடுக்கற வேலை."