மகேஸ்வரி கட்டிய பிராது

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் கண் திறந்தது.

கறுப்புத் திரையில் ‘எரர் 17’ என்று ஒற்றை வரியைக் காட்டி அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்த சனியன், இப்போது ஒன்றும் அறியாத பிள்ளை போல, விண்டோஸா லினக்ஸா என்று கேட்டது. பீங்கான் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற பூபாலன் விண்டோஸைத் தட்டினான். வந்துவிட்டது. பீங்கான் மேல் பூசுகிற கிளேஸ் கலவையின் நான்கு வருட அளவுகள், இன்சுலேட்டர் வரைபடங்கள் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

முதலாளி தெய்வநாயகம் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “பூபாலன் இருக்கறப்ப நமக்கு என்னாய்யா கவல!” என்று சூளை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, லாரியில் லோடு ஏறுவதைப் பார்க்கப் போனார்.

அந்தத் தட்டு செருப்படி மாதிரி விழுந்தது. கெடுத்தவனே அவன்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நடந்த கூத்து அது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து விண்டோஸோடு லினக்ஸையும் போட்டு வைத்திருந்தான். அதற்கு இடம் போதவில்லை என்று ஹார்ட் டிஸ்கில் விண்டோஸின் பங்கைச் சுருக்கத் தொடங்கினான். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. சூளைக்குள் போனால் பத்துக்கு ஒரு பங்கு சுருங்கி வருகிற மண்ணை வைத்துப் பிழைக்கிற ஊர். சுருக்குவது என்றால் அவனுக்குப் பயமே வரவில்லை.

பாதி ஓடிக்கொண்டிருந்தபோதே டீ குடிக்கப் போய்விட்டான். வாட்ச்மேன் கருப்பன் தினமும் செய்வது போல ஐந்தரை மணிக்கு ஆபீஸ் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் முதலாளி கேட்டார், கடைசியாக யார் உட்கார்ந்தது என்று.

“மத்தியானம் மகேஸ்வரி ஒக்காந்துச்சு” என்றான்.

அது பொய்யும் இல்லை. அதுதான் அவனை அரித்தது. மகேஸ்வரி கிளேஸ் தொட்டியில் இன்சுலேட்டர்களை முக்கி எடுக்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் அரைச் சோற்றோடு எழுந்து, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துவிட்டு வந்து டைப் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து ஆபீஸ் மேஜை உனக்குத்தான் என்று முதலாளியே அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. இனிமேல் மெஷின் பக்கமே வரக்கூடாது என்று முதலாளி கத்தினார். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூபாலன் ஒயரைச் சரிபார்க்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான்.

அன்று சாயங்காலமே அவள் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டாள் என்று தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மணவாளநல்லூரில் இருக்கிற அந்தச் சாமிக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிற பயம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிடையாது. குறையைத் தாளில் எழுதி, இன்னார் மேல் என்று பேர் போட்டு, முனியப்பர் வேலில் கட்டிவிட்டால் போதும். மூன்று நாளோ, மூன்று வாரமோ, மிஞ்சிப்போனால் மூன்று மாதமோ, சாமி விசாரித்துவிடும் என்பார்கள்.

பூபாலன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மெயினை இறக்கும்போது திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்ததைக் கருப்பன் பார்த்திருப்பார். அவளிடம் சொல்லியிருப்பார். அவளும் பேர் போட்டிருப்பாள். பாலக்கரை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்த, மெஷினுக்கான வைத்தியத்தை நோட்டில் எழுதிக்கொண்டபோது, நடுவில் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினான். கொளஞ்சியப்பா, என் பேர் மட்டும் அதில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். வேண்டி முடித்ததும் தன்னை நினைத்தே கூசியது.

இப்போது வாசலில் அவள் நின்றாள்.

முழங்கை வரை கிளேஸ் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உள்ளே காலெடுத்து வைக்காமல் எட்டித் திரையைப் பார்த்தாள். மூன்று நாளாக இருண்டு கிடந்த முகம் தெளிந்தது. தயங்கித் தயங்கி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, திருநீற்றுப் பொட்டலத்தை மேஜையின் ஓரத்தில் வைத்தாள். கை கீபோர்டில் பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். வைத்ததும் வாசலுக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

“பிராத வாபஸ் வாங்கணும் சார். மெஷினு எழுந்துட்டா வாபஸ் தாள அதுலயே எழுத்தடிச்சி எடுத்தாறேன்னு வேண்டிக்கிட்டேன். நான்தான் தொடக் கூடாதே. நீங்களே அடிச்சிக் குடுங்க.”

அடித்தான். கொளஞ்சியப்பர் துணை. விருத்தாசலம். தேதி. பிராது கட்டியவர், மகேஸ்வரி. அடுத்து, யார் மேல் என்று அடித்துவிட்டு விரல்கள் நின்றுவிட்டன.

“யார் மேல கட்டுன?” என்று திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“எம்மேலதான் சார். கெடுத்தது என் கையிதானே? என்னை என்னா வேணா பண்ணிக்க, மெஷின மட்டும் எழுப்பிக் குடுத்துடுன்னு எழுதியிருந்தேன்.”

தன் பேர் அந்தத் தாளில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவனுக்கு, இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. சொல்லிவிடலாம். அவளையும் அவனையும் தவிர ஆபீஸில் யாரும் இல்லை.

மகேஸ்வரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் பேர் வருவதற்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூபாலன் ‘ம’ என்று அடித்தான்.