ஒரு நாள் மகன்

"ஒரே ஒரு நாளைக்கு வேட்டியக் கட்டிக்க. காரியம் முடிஞ்சதும் சேலையச் சுத்திக்கிட்டு இங்கயே வந்துரு. யாரு கேக்கப் போறா?"

சித்தப்பா நாச்சிமுத்து இதைச் சொன்னபோது பொன்னழகு இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுடைய கடை. கீற்றுக் கூரைதான் என்றாலும் மலைக்குப் போகிறவர்களும் வண்டிக்காரர்களுமாகக் காலையில் கூட்டம் நிற்கும். "ஏனுங்கக்கா, சட்னி கொஞ்சம் ஊத்துங்க" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வந்த புதிதில் அவளை ஏற இறங்கப் பார்த்தவர்களும் இப்போது அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயர்.

சித்தப்பா சேதியைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நேற்றுப் பொழுது சாய அவளைப் பெற்ற அய்யா வேலுசாமி இறந்துவிட்டார். மூச்சு அடங்குமுன் தம்பியின் கையைப் பிடித்து, தன் பிள்ளை கையால்தான் தனக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சாகிறவருக்குக் கொடுத்த வாக்கை மீறப் பயந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார் சித்தப்பா. அக்குளில் ஒரு துணிப்பை. அதற்குள் மடிப்புக் கலையாத புது வேட்டியும் வெள்ளைச் சட்டையும்.

"என்ன இருந்தாலும் நீ ஒத்தை மகன். பெத்தவருக்குச் செய்ய வேண்டியதுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

பொன்னழகு அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். "அய்யா மொகத்தப் பாக்க வாரேன்" என்றாள். வேட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பெண்கள் சீட்டில் உட்காரச் சொன்னார். சித்தப்பா கடைசி சீட்டுக்குப் போய், முன்பின் தெரியாத ஆள் மாதிரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டுக்கல்லில் இறங்கி குஜிலியம்பாறை பஸ் ஏறியபோதும் அப்படித்தான். அய்யாவை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் பொன்னழகுக்கு அழுகை வரவில்லை. கொள்ளி வைக்க மட்டும் நான் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்தால் கேவலமா?

ஊர் எல்லையில் ஒரு மோட்டார் கொட்டகையைக் காட்டி, அதற்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொள்ளும்படி சித்தப்பா கெஞ்சினார். வீட்டு வாசலில் நாவிதர் காத்திருப்பதாகவும், மொட்டை போட்டுவிட்டால் யாரும் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார். இடுப்பைத் தொடும் சடையை அள்ளி முடிந்துகொண்டு, பொன்னழகு நிற்காமல் நடந்தாள்.

அவள் பந்தலுக்குள் நுழைந்ததும் ஒப்பாரி நின்றது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். சிலர் அவள் முகத்தைவிட அவள் கால்களையே பார்த்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அய்யம்மாள் மட்டும் அசையவில்லை.

பொன்னழகு அய்யாவின் காலடியில் விழுந்தாள். ஒரு தடவையாவது பழனிக்கு வந்து, வா என்று கூப்பிட்டிருக்கலாமே என்ற ஆத்திரமும் அழுகையும் அப்போதுதான் ஒன்றாகப் பொங்கி வந்தன.

அவள் அழுது முடிக்கும்வரைகூட ஊர்ப் பெரியவர் பொம்மையன் பொறுக்கவில்லை. பொழுது போய்க்கொண்டிருக்கிறது, தூக்க வேண்டாமா என்று அதட்டினார். சேலை கட்டியவள் சுடுகாட்டு வாசலை மிதித்ததாக இந்த ஊரில் சரித்திரம் கிடையாது என்றார். செத்துப் போனவரைப் பார்த்து ஊர் சிரிக்க வைக்காதே என்றார். நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு எழுந்து நின்றார்.

சித்தப்பா வேட்டியை நீட்டினார். "சபை நெறைஞ்சிருக்கு. மானத்த வாங்காம மகனா வந்து நில்லு."

பொன்னழகு வேட்டியை வாங்கிக்கொண்டாள். பந்தலில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் அதை உதறி விரித்து, பெண்மக்கள் கோடித் துணி போடுகிற மாதிரி அய்யாவின் மேல் கழுத்துவரை போர்த்தினாள். பிறகு நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை, ஆனால் வாசலுக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டது.

"மகன எங்கேருந்து கூட்டியாரச் சொல்றீக? நான் சேலை கட்டிக்கிட்டு வீட்ட விட்டுப் போன பதினாறாம் நாளு, மகன் செத்துட்டான்னு இதே வாசல்ல கருமாதி பண்ணி ஊருக்கே சோறு போட்டீக. அவனுக்காக மொட்டை போட்டு உக்காந்து காரியம் பண்ணுனது நீங்கதான சித்தப்பா?"



அய்யம்மாள் எழுந்தாள். கனல் போட்டு வைத்திருந்த கொள்ளிச் சட்டியை நாச்சிமுத்துவின் காலடியிலிருந்து எடுத்து வந்து பொன்னழகின் கையில் கொடுத்தாள்.

"நட தாயி" என்றாள்.