டெஸ்க்டாப்புக்கு ஈடாக

“யார்கிட்ட காட்டறீங்க இந்தப் பொம்மையை? என் மனைவி வீடியோ எடிட்டர்ங்க! வீட்டுல இருக்கற டெஸ்க்டாப்புக்கு ஈடா ஒரு லேப்டாப் வேணும்!”

கணவர் போட்ட சத்தத்தில் அரண்டுபோன கடைக்காரர், இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைத்தார்.

“இது டெஸ்க்டாப்பையே தூக்கிச் சாப்பிட்டுரும், சார். விலைதான் கொஞ்சம்...”

“விலையைக் கேட்டேனா? அவ வேலைன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?”

பக்கத்தில் நின்ற மனைவி அவரை வியப்போடு திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் வேலையைப் ‘பொழுதுபோக்கு’ என்று சொன்ன வாயா இது?

“ஏங்க, பழசே நல்லாத்தானே ஓடுது?” என்றாள் மெதுவாக.

“நீ சும்மா இரு. உனக்காகப் பேச நான் இருக்கேன்ல?” என்றவர், கடைக்காரரிடம் திரும்பினார். “மடியில வெச்சா சுடுமா?”

“ரொம்ப நேரம் வெச்சா சுடும், சார். ஒரு ஸ்டூல்ல வெச்சுக்கலாம். பழைய டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கவா?”

“அந்த மேஜையோட சேர்த்து இன்னைக்கே தூக்கிட்டுப் போயிடுங்க. நாளைக்கு என் ட்ரெட்மில் வருது, அந்த ரூம்லதான் போடணும். இவ சமையல்கட்டுல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவா.”

அவள் ஓரடி முன்னால் வந்தாள். லேப்டாப்பைப் பட்டென்று மூடி, கடைக்காரர் பக்கம் தள்ளினாள்.

“இதை உள்ள வைங்க. என் மேஜை இருக்கற இடத்துலதான் இருக்கும். மடக்கி வைக்கற ட்ரெட்மில் எங்க கிடைக்கும்னு இவருக்குச் சொல்லுங்க. சமையல்கட்டுல போட்டு ஓடட்டும்!”