இரண்டு மேக்னெட்டோ

"ஏனுங்க, 1997-ல போயி யாராச்சும் 1946 மாடல் ப்ளேன் வாங்குவாங்களா?" என்றாள் வசந்தாமணி.

டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்குப் பக்கத்துச் சிறு விமான நிலையத்தில் நின்றது அந்த இரண்டு சீட்டு விமானம். "யோசித்துச் சொல்லுங்கள்" என்றுவிட்டு, விற்பவர் காபி குடிக்கப் போயிருந்தார்.

மயில்சாமி தொண்டையைச் செருமினான். "பழசுதான். ஆனா என்ஜினை முழுசாப் பிரிச்சு ரிப்பேர் பண்ணியிருக்காங்க."

"ஸ்டூடன்ட் பைலட், கூட ஆளு ஏத்தக் கூடாதாமே. தனியாப் போறப்ப என்ஜின் நின்னுட்டா?"

"பெட்ரோலைப் பத்த வைக்க ரெண்டு மேக்னெட்டோ இருக்கு, கண்ணு. தனித்தனியா வேலை செய்யும். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓட்டும்."

"ரெண்டும் படுத்துட்டா?"

"கல்லு மாதிரியா விழும்? மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினா காத்துல சறுக்கிக்கிட்டே வரும். டெக்சாஸ்ல எறக்கறதுக்கு வயக்காட்டுக்கா பஞ்சம்?"

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்தா?"

"கெளம்பறதுக்கு முன்னாடி டாங்க் அடியில கொஞ்சம் புடிச்சுப் பாக்கணும். தண்ணி அடியில தனியா நிக்கும்."

சொல்லச் சொல்ல அவன் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது.

"அப்ப வாங்கலாமுங்களா?"

"வாங்கலாம்!"

வசந்தாமணி சிரித்தபடி பைலட் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஒரு மாசமா நீங்க கேட்ட கேள்வியெல்லாம் இன்னிக்கு நான் கேட்டேன். நான் சொன்ன பதிலையெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க. நான் தனியாப் பறக்கறப்ப இனிமே பயப்பட மாட்டீங்கல்ல?"

மயில்சாமி பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்தான்.

"அதான் ரெண்டு மேக்னெட்டோ இருக்குதுங்களே?"

"இருக்கட்டும் கண்ணு. ரெண்டும் படுத்தா இது பாத்துக்கும்."