சண்டை கேட்கும் வீடு

"இன்னைக்கு உன்னைக் கொன்னுட்டுத்தான் மறுவேலை!" அப்பலராஜு கத்தினான். அண்டா உருண்டது. சுவரில் ஏதோ மடேரென்று மோதியது.

"ஐயோ, மண்டை போச்சே!" நூகரத்னம் அலறினாள்.

பக்கத்து வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர்கள், தரகரிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ஓடினார்கள்.

ஜன்னலில் எட்டிப்பார்த்த நூகரத்னம் சிரித்தாள். "போயிட்டாங்க மாமா. அண்டாவைப் பார்த்து உருட்டு, நெளிஞ்சு போச்சு."

"ஏற்கெனவே தெருக்குத்து வீடு. இன்னும் நாலு பேரை விரட்டினா அடிமாட்டு விலைக்கு நமக்கே வந்துடும்டி."

அடுத்த வாரம் சூரிபாபு என்பவன் மனைவியோடு வந்தான். அப்பலராஜுவும் நூகரத்னமும் சண்டையை ஆரம்பித்தார்கள். சூரிபாபு ஓடவில்லை, நின்று கேட்டான்.

"தினமும் இப்படித்தானா?"

தரகர் நெளிந்தார். "அப்பப்போ சார்."

"தெருவுல யாரும் வந்து தட்டிக் கேக்க மாட்டாங்களா?"

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு எவன் சார் வருவான்? எல்லாருக்கும் பழகிடுச்சு."

சூரிபாபு அங்கேயே முன்பணம் கொடுத்தான். அவன் மனைவி தலை நிமிரவே இல்லை.

புது வீட்டில் பால் பொங்கிய அன்று சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் மடேரென்று சத்தம். "ஐயோ, யாராவது வாங்களேன்!" சூரிபாபுவின் மனைவி அலறினாள்.

அப்பலராஜு ஓடிப்போய் அந்தக் கதவை இடித்தான். உள்ளே தாழிட்டிருந்தது. தெருவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். "ஓடியாங்க! கொல்றான்!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது.

"அப்பலராஜு ஆரம்பிச்சுட்டான். டிவி சத்தத்தைக் கூட்டுடி!"