பெஞ்ச் மட்டும் பாக்கி

"அஞ்சு கோரிக்கையையும் ஒத்துக்கிட்டாங்க தலைவரே, கையெழுத்தைப் போடுங்க" என்று ஓய்வூதியர் சங்கச் செயலாளர் காதைக் கடித்தார்.

தலைவர் பேனாவைத் தொடவில்லை. "பென்ஷன் கவுன்ட்டர்ல வயசானவங்க உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது. அதுக்கு என்ன பதில்?"

"போன மாசம் ஃபேன், இந்த மாசம் பெஞ்சா? மருந்துக்குக் காசில்லாம நம்ம ஆளுங்க காத்துக் கிடக்கறாங்க, நீங்க ஏன் ஜவ்வா இழுக்கறீங்க?"

சமீபத்தில் மாற்றலாகி வந்திருந்த மேனேஜர், "தலைவர்கிட்ட தனியாப் பேசணும். நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார்.

"இளைச்சுட்டீங்க" என்றார் மேனேஜர். "சமையல்?"

"ஒத்தை ஆளுக்கு என்ன பெரிய சமையல்?"

"கையெழுத்துப் போடுங்கப்பா. பாவம், எல்லாரும் காத்திருக்காங்க."

"போட்டுட்டா, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் இங்கே வர்றது?"

"நான் வீட்டுக்கு வர்றேன். முதலாளி பக்கம் போனவன் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

தலைவரின் உதடு அசைந்தது. வருஷக்கணக்காகக் கோஷம் போட்ட வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் கதவைத் திறந்து எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "அஞ்சுக்கும் இன்னிக்கே ஆர்டர் போடறேன். பெஞ்ச் மட்டும் முடியாது. அடுத்த மாசம் தலைவரே நேர்ல வந்து பேசட்டும்."

"ஒரு பெஞ்சுக்கா இவ்வளவு பிடிவாதம்! யாரு பெத்த பிள்ளையோ!" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

பெஞ்சுக்கு அப்புறம் என்ன கேட்கலாம் என்று யோசித்தபடி தலைவர் படியிறங்கினார்.